சொல்லுக்குச் சான்று

அமைச்சர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் பதவியேற்கும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சிலர் கடவுளை முன்னிறுத்தி ஆணையிடுவர். சிலர் உளமார உறுதி கூறுவர். எதனைச் சொன்னாலும் அவர்கள் ஏற்கும் பொறுப்பு ஒன்றே. நம் அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை இவ்விரு வடிவங்களையும் அருகருகே வைத்து, விரும்பியதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை அவரவர் மனச்சான்றுக்கு விட்டுவிடுகிறது. இன்று மிக எளிதாகத் தோன்றும் இவ்வுரிமைக்காக, 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒருவர் ஆறு ஆண்டுகள் நாடாளுமன்றத்தின் வாயிலில் போராட வேண்டியிருந்தது. அவர் பெயர் சார்லஸ் பிராட்லா.

கடவுள் உண்டா இல்லையா என்னும் வினா பழையது. அதற்கு விடைகூறுவது இப்பாடத்தின் நோக்கமன்று. கடவுளை நம்பாத ஒருவர் எவ்வாறு எண்ணுகிறார், எதனைச் சான்றாக ஏற்கிறார், தம்மை மறுப்போரிடம் எதனைக் கேட்கிறார் என்பதை ஒருவரது வாழ்வின் வழியே அறிந்துகொள்வதே நம் முயற்சி. இவ்வினாக்கள் பிராட்லாவுக்கு ஏட்டுக் கல்வியாக வாய்க்கவில்லை. அவர் வீட்டையும் வேலையையும் வழக்குகளையும் பதவியையும் இவ்வினாக்களே முடிவு செய்தன.

இளமையில் எழுந்த ஐயம்

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலுள்ள ஹாக்ஸ்டனில் 1833ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் பிராட்லா பிறந்தார். தந்தை ஒரு வழக்குரைஞர் அலுவலகத்தில் எழுத்தர். குடும்பத்தின் மூத்த பிள்ளை என்பதால் பதினொரு வயதிலேயே பள்ளிப்படிப்பு முடிந்தது. முதலில் தந்தை பணியாற்றிய அலுவலகத்தில் ஏவல் சிறுவனாகவும், பின்னர் நிலக்கரி வணிகர் ஒருவரிடம் எழுத்தராகவும் வேலை பார்த்தார்.

அக்காலத்தில் அவர் ஐயமற்ற கிறித்தவர். தேவாலயத்தின் ஞாயிறு பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு ஈடுபாடு உடையவர். இலண்டன் பேராயர் அப்பகுதிக்கு வரவிருந்தபோது, அவர் முன்னிலையில் நம்பிக்கையை உறுதிப்படுத்தும் சடங்குக்கு நன்கு ஆயத்தமாகுமாறு தேவாலயத்தின் குரு பேக்கர், பிராட்லாவிடம் கூறினார். பிராட்லாவும் உண்மையாகவே ஆயத்தமானார். இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது கொள்கைக் கூறுகளையும் நான்கு நற்செய்தி நூல்களையும் ஒப்பிட்டுப் படித்தார். சில இடங்களில் அவை ஒன்றோடொன்று பொருந்தாதனபோல் தோன்றின. ஐயத்தைத் தீர்த்துவைக்குமாறு குருவுக்கே மடல் எழுதினார்.

விளக்கம் வரவில்லை. மாறாக, மகன் நாத்திகப் போக்கில் செல்கிறான் என்று தந்தைக்கு முறையீடு சென்றது. ஞாயிறு பள்ளியிலிருந்து மூன்று மாதம் விலக்கி வைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது பதினைந்து அல்லது பதினாறு. அந்நிலையில் அவர் நாத்திகரே அல்லர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஐயம் வேறு, மறுப்பு வேறு. ஐயத்தை மறுப்பென்று கொண்டவர்களே அவரை மறுப்பை நோக்கித் தள்ளினர் என்று சொல்வது மிகையாகாது. விலக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தொழிலாளர்கள் திரளும் திறந்தவெளிக் கூட்டங்களுக்குச் சென்றார். தொடக்கத்தில் அங்குக் கிறித்தவத்தின் சார்பிலேயே வாதிட்டார். வாதிட்டு வாதிட்டுத் தம் தரப்பு தளர்வதை உணர்ந்தார்.

இறுதியில், கருத்துகளை மாற்றிக்கொள்ள மூன்று நாள் தவணை தரப்பட்டது. மாற்றிக்கொள்ளாவிடில் வேலை போகும். நம்பிக்கையைத் தவணை வைத்துத் திரும்பப் பெற முடியுமா? மாறிவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் வீடும் வேலையும் நிலைத்திருக்கும். பிராட்லா வீட்டைவிட்டு வெளியேறினார். சுதந்திரச் சிந்தனையாளர் ரிச்சர்டு கார்லைலின் துணைவியாராக இருந்த எலிசபெத் சார்ப்பிள்ஸ், வறுமைக்கிடையே அவருக்குத் தங்க இடம் அளித்தார். பதினேழு வயதில் பிராட்லா தம் முதல் சிறுநூலை வெளியிட்டார்.

கடன் பெருகியது. அதனைத் தீர்க்க 1850ஆம் ஆண்டு இறுதியில் படையில் சேர்ந்தார். இந்தியாவுக்கு அனுப்பப்படுவார் என்று எண்ணியே சேர்ந்தார். விதி, அல்லது அவர் விரும்பக்கூடிய சொல்லில் கூறுவதானால் தற்செயல், அவரை அயர்லாந்துக்கு அனுப்பியது. அங்கே ஏழைக் குடியானவர்கள் தம் குடிசைகளிலிருந்து வெளியேற்றப்பட்டபோது காவல் நிற்கும் பணி அவருடைய படைப்பிரிவுக்கு வாய்த்தது. அக்காட்சி அவரை வாழ்நாள் முழுதும் அயர்லாந்து மக்களின் நண்பராக்கியது. 1853இல் உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற சிறு தொகையைச் செலுத்திப் படையிலிருந்து விடுபட்டு இலண்டன் திரும்பினார். வழக்குரைஞர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, எவரும் கற்பிக்காமலே சட்டத்தில் தேர்ந்தார். பிற்காலத்தில் பெரும் வழக்குரைஞர்களுக்கு எதிரே தம் வழக்குகளைத் தாமே நடத்த இப்பயிற்சியே உதவிற்று.

இல்லை என்பதும் அறியேன் என்பதும்

பகலில் அலுவலகம், மாலையில் மேடை. தம்மை வேலைக்கு வைத்திருந்தவருக்குத் தொல்லை நேராதிருக்க, உருவங்களை உடைப்பவர் என்று பொருள்படும் ஐகனோகிளாஸ்ட் என்னும் புனைபெயரில் அவர் பேசினார். 1860 முதல் நேஷனல் ரிஃபார்மர் என்னும் இதழின் வழியே எழுதினார். 1866இல் தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தை நிறுவி அதன் தலைவரானார்.

மேடைப் பயணங்கள் இனிமையானவையாக இல்லை. கல்லெறி உண்டு, அரங்கம் தர மறுப்போர் உண்டு. 1861இல் டெவன்போர்ட் என்னும் துறைமுக நகரில், பேச்சைத் தொடங்கிய சில நொடிகளிலேயே காவல் கண்காணிப்பாளர் அவரைக் கைது செய்தார். வழக்கு நிற்கவில்லை. விடுதலையான பிராட்லா, அந்நகரக் காவலரின் அதிகார எல்லை கடற்கரையோடு முடிவதைக் கண்டறிந்தார். கரைக்கு மிக அருகே ஒரு படகை நிறுத்தி, அதன்மீது நின்று கரையில் திரண்ட மக்களுக்குத் தம் உரையை முழுமையாக ஆற்றினார். காவலர்கள் கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தனர்! பின்னர்த் தவறாகக் கைது செய்ததற்காகக் கண்காணிப்பாளர்மீது வழக்குத் தொடுத்தார். வெற்றி அவருக்கே. இழப்பீடாக நடுவர் குழு வழங்கியது ஒரு ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் நான்கிலொரு பங்கு. நாத்திகருடைய உரிமைக்கு அன்று இட்ட விலை அது.

1864இல் அவர் வெளியிட்ட நாத்திகத்துக்காக ஒரு வாதம் என்னும் பொருள்படும் சிறுநூல், அவர் எண்ணப் போக்கைத் தெளிவாகக் காட்டுகிறது. கடவுள் இல்லை என்று உறுதியாகக் கூறுபவரே நாத்திகர் எனப் பலர் கருதுகின்றனர். பிராட்லா அவ்வாறு கூறவில்லை. கடவுள் என்னும் சொல்லால் எதனைக் குறிக்கிறீர்கள் என்பதே அவர் முதல் வினா. தெளிவான பொருள் தரப்படாத ஒன்றை ஏற்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது. தமக்கு அச்சொல் தெளிவான கருத்து எதனையும் தரவில்லை. ஆகவே தாம் கடவுட்கருத்து அற்றவராய் இருப்பதாக அவர் எழுதினார். ஆனால் கடவுளின் இயல்பு இன்னதென்று ஒருவர் வரையறுத்துக் கூறி, அவ்வரையறை தன்னுள்ளேயே முரண்படுமானால், அந்தக் கடவுளை மறுக்க அவர் தயங்கியதுமில்லை.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். ஒருவர் நீதிமன்றத்தில் வந்து, நேற்று இங்கே ஒருவர் இருந்தார் என்கிறார். யார், எப்போது, எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லவில்லை. நீதிபதி அவர் கூற்றைப் பொய்யென்று தீர்ப்பளிப்பாரா? மாட்டார். உண்மையென்று ஏற்பாரா? அதுவும் மாட்டார். மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி அடுத்த செய்திக்குச் செல்வார். மெய்ப்பிக்கும் பொறுப்பு சொல்பவருடையதே அன்றிக் கேட்பவருடையதன்று. சட்ட அலுவலகத்தில் வளர்ந்த பிராட்லா, சமயத்தையும் இந்த அளவுகோலாலேயே அளந்தார்.

இந்த அளவுகோல் போதுமா என்று கேட்பாரும் உண்டு. குழந்தை தாயை நம்புவது சான்றுகளை ஆராய்ந்தன்று. நம்பிக்கை, கணக்கின் விடைபோல் இறுதியில் கிடைப்பதன்று, வாழ்வின் தொடக்கத்திலேயே நிற்பது என்பது சமயத்தார் மறுமொழி. இதுவும் எளிதில் தள்ளத்தக்க கருத்தன்று. பிராட்லா இத்தகையோரோடு பல இரவுகள் தொடர்ந்து பொதுமேடையில் சொற்போர் புரிந்தார். ஒருவருடைய உள்ளத்தில் எழும் உறுதி அவருக்கு மெய்யாகவே இருக்கலாம். அது பிறருக்குச் சட்டமாகலாமா என்பதே அவர் திரும்பத் திரும்ப எழுப்பிய கேள்வி.

அவரைப் பற்றிய ஒரு கதை நாடெங்கும் உலவியது. மேடையில் கடிகாரத்தைக் கையில் எடுத்து, கடவுள் இருந்தால் ஐந்து நிமிடத்துக்குள் தம்மைச் சாகடிக்கட்டும் என்று அறைகூவல் விடுத்தார் என்பது அக்கதை. இதே கதை அவருக்கு முன்பு வேறு சிலர்மீதும் சொல்லப்பட்டதே. பிராட்லா இதனை மீண்டும் மீண்டும் மறுத்தார். அச்சிட்டவர்கள்மீது சட்ட நடவடிக்கையும் எடுத்தார். ஆயினும் கதை சாகவில்லை. நேரில் கண்டதாகச் சொன்னவர்களிடம் இடமும் நாளும் கேட்டால் அவை பொருந்தி வந்ததில்லை. சான்று கேட்டுப் பழகிய ஒருவரைப் பற்றிச் சான்றே இல்லாத ஒரு கதை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது வியப்புக்குரியது.

சாட்சிக் கூண்டின் வாயிலில்

அக்கால ஆங்கிலச் சட்டத்தின்படி, சாட்சி சொல்பவர் கடவுள்மீது ஆணையிட வேண்டும். பொய் சொன்னால் இறைவன் தண்டிப்பான் என்னும் அச்சமே மெய்க்குப் பிணை எனக் கருதப்பட்டது. எந்தக் கடவுள் என்பதில் சட்டம் ஓரளவு தாராளமாகவே இருந்தது. கல்கத்தா வணிகர் உமிசந்த் தொடர்பான வழக்கில், இந்துக்கள் தம் வழக்கப்படி ஆணையிட்டு அளித்த சாட்சியம் செல்லும் என்று 1744ஆம் ஆண்டிலேயே ஆங்கில நீதிமன்றம் ஏற்றது. குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர் ஆணையிடுவதே பாவம் என்று கருதியதால், உறுதிமொழி கூறினால் போதும் என அவர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. எந்தக் கடவுளையும் நம்பாதவருக்கு மட்டும் வழி இல்லை.

இதனால் நேர்ந்த முரண்பாட்டை எண்ணிப் பாருங்கள். 1861இல் ஒரு பெண், தமக்குரிய பொருளை மீட்கத் தொடுக்கப்பட்ட வழக்கில் சாட்சி சொல்ல வந்தார். கடவுளை நம்புகிறாயா என்று கேட்டனர். இல்லை என்று உண்மையைச் சொன்னார். அவர் சொல் நம்பத்தக்கதன்று எனச் சாட்சியம் தள்ளப்பட்டது. நம்பவில்லை என்று அவர் சொன்னதை மட்டும் நீதிமன்றம் நம்பியது! நம்புகிறேன் என்று பொய் சொல்லியிருந்தால் அவர் மெய்யான சாட்சியாக ஏற்கப்பட்டிருப்பார். பொய்யர் நுழையவும் மெய்யர் வெளியேறவும் அமைந்த வாயில் அது.

அவ்வாயிலில் பிராட்லாவும் நிற்க நேர்ந்தது. தமக்கு வரவேண்டிய பணம் குறித்த வழக்கொன்றில் அவர் சாட்சியளிக்கத் தகுதியற்றவர் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. நீதிமன்றம் நீதிமன்றமாக அவ்வழக்கை அவர் எடுத்துச் சென்றார். இடையறாத அவ்வுழைப்பின் பயனாக 1869, 1870ஆம் ஆண்டுகளில் சாட்சியத் திருத்தச் சட்டங்கள் நிறைவேறின. கடவுள் நம்பிக்கை அற்றவரும் உறுதிமொழி கூறிச் சாட்சி சொல்லலாம் என்றாயிற்று. அவர் வாழ்வின் பெரும்போர் நாடாளுமன்றத்தில் நடந்ததென்று நூல்கள் கூறுகின்றன. எளிய மனிதருக்கு நேரடியாகப் பயன்தந்தது இந்த முதல் வெற்றியே என்பது என் கருத்து.

1874இல் அவரோடு இணைந்தவர் அன்னி பெசண்ட். குடும்பக் கட்டுப்பாடு குறித்த நூலொன்றை வெளியிட்டதற்காக இருவரும் 1877இல் குற்றம் சாட்டப்பட்டு, ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுபட்டனர். அதே பெசண்ட் அம்மையார் 1889இல் பிரம்மஞான சங்கத்தில் சேர்ந்து நம்பிக்கையின் பக்கம் திரும்பினார். பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து இந்திய விடுதலைக்கு உழைத்தவர் அவரே. அம்மாற்றம் பிராட்லாவை மிகவும் வருத்தியது. அதனை இதழிலும் எழுதினார். ஆனால் நட்பைத் துறக்கவில்லை.

மக்களவையின் கதவு

காலணித் தொழிலாளர் நிறைந்த நார்த்தாம்ப்டன் தொகுதியில் மூன்று முறை நின்று தோற்ற பிராட்லா, 1880ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்றார். மே 3ஆம் நாள் அவைக்கு வந்து, ஆணைக்கு மாற்றாக உறுதிமொழி கூற இசைவு வேண்டினார். நீதிமன்றத்தில் தமக்கு உள்ள உரிமை இங்கும் பொருந்தும் என்பது அவர் வாதம். ஆராய அமைக்கப்பட்ட குழுவில் வாக்குகள் சமமாகப் பிரிந்தன. தலைவரின் ஒரு வாக்கால் வேண்டுகோள் தள்ளப்பட்டது.

உடனே பிராட்லா, அப்படியானால் வழக்கமான ஆணையையே எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். அதிலுள்ள கடவுள் பற்றிய சொற்கள் தமக்குப் பொருளற்றவை; ஆயினும் ஆணையின் கடமை தம்மை முழுமையாகக் கட்டுப்படுத்தும் என்று செய்தித்தாளுக்கும் எழுதினார். அவரைப் போற்றுவோர் இதனை நேர்மை என்பர். நேர்மைதான், ஆனால் போர்த்திறம் அன்று. தொடக்கத்திலேயே ஆணையைக் கேட்டிருந்தால் எவரும் தடுத்திருக்க மாட்டார்கள்; உறுதிமொழியிலேயே நிலைத்து நின்றிருந்தால் கொள்கை தூய்மையாக விளங்கியிருக்கும். இரண்டுக்கும் இடையில் நின்றதால், புனிதமான ஆணையைக் கேலியாக்க வந்தவர் என்று எதிரிகள் எளிதில் பழி சுமத்த முடிந்தது. அதே தொகுதியிலிருந்து அவரோடு தேர்ந்தெடுக்கப்பட்ட லபுஷேர் சமயப் பற்று இல்லாதவர் என்பதை அவை அறியும். அவர் வாய்பேசாமல் ஆணையிட்டு இருக்கையில் அமர்ந்தார். எவரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஜூன் 22ஆம் நாள், பிராட்லா ஆணையிடவும் கூடாது, உறுதிமொழி கூறவும் கூடாது என்று 275க்கு 230 என்னும் வாக்கு வேறுபாட்டில் அவை தீர்மானித்தது. மறுநாள் அவைமுன் தம் தரப்பைப் பேசிய அவர், வெளியேறுமாறு பணித்தும் வெளியேறவில்லை. நாடாளுமன்றக் கடிகாரக் கோபுரத்திலிருந்த அறையில் ஓரிரவு சிறைவைக்கப்பட்டார்.

அடுத்த ஆறு ஆண்டுகளில் நடந்தவற்றை முழுதும் சொன்னால் ஒரு நூலாகும். ஜூலையில், சட்ட விளைவுகளைத் தாமே ஏற்கும் நிபந்தனையுடன் உறுதிமொழி கூற அவை இசைந்தது. அவர் அமர்ந்தார், வாக்களித்தார். முறையாக ஆணையிடாமல் வாக்களித்ததற்காக வாக்கு ஒன்றுக்கு 500 பவுண்டு தண்டம் கோரி வழக்குப் பாய்ந்தது. 1881 மார்ச்சில் தீர்ப்பு எதிராகவே, பதவி பறிபோனது. நார்த்தாம்ப்டன் மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். அவை மீண்டும் மறுத்தது. 1882இலும் 1884இலும் இதே கதை. மக்கள் அனுப்புவதும் அவை திருப்புவதுமாக ஆண்டுகள் கழிந்தன.

1881 ஆகஸ்டு 3ஆம் நாள் நடந்ததை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோரிக்கை மனுக்களுடன் வந்த ஆதரவாளர் கூட்டம் வெளியே காத்திருக்க, பிராட்லா தனியாக அவைக்குள் நுழைய முயன்றார். காவலர்களும் அவைப் பணியாளர்களும் அவரைப் பிடித்துப் படிக்கட்டுகள் வழியே இழுத்து முற்றத்தில் தள்ளினர். மேலாடை கிழிந்தது, கைகள் காயமுற்றன. ஓங்கிய உடலும் பெருங்குரலும் உடையவர் அவர். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்று கூட்டம் கதவுகளை உடைத்திருக்கும். அச்சொல்லை அவர் சொல்லவில்லை. கொதித்த மக்களை அன்னி பெசண்ட் அமைதிப்படுத்தினார்.

1882 பிப்ரவரி 21ஆம் நாள் அவர் எவரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். அவையின் மேசையருகே விரைந்து சென்று, சட்டைப்பையிலிருந்து புதிய ஏற்பாட்டு நூலை எடுத்து, தமக்குத் தாமே ஆணை செய்வித்துத் தாளில் ஒப்பமிட்டார். அவை அவரை நீக்கியது. தொகுதி மீண்டும் தேர்ந்தெடுத்தது. அவையின் அதிகாரத்துக்கு எதிராக அவர் தொடுத்த வழக்கில், அவையின் உள்நடவடிக்கைகளில் நீதிமன்றம் தலையிடாது என்று 1884இல் தீர்ப்பாயிற்று. அவர் தோற்ற அவ்வழக்கு, சட்டமன்ற உரிமைகள் குறித்த வழக்குகளில் இந்திய நீதிமன்றங்களிலும் எடுத்துக்காட்டப்பட்டது.

இப்போரை நம்பிக்கையாளருக்கும் நம்பாதாருக்கும் நடந்த போராக மட்டும் காண்பது பிழையாகும். பிராட்லாவுக்காக அவையில் மிக ஆழமாக வாதாடியவர் தலைமையமைச்சர் கிளாட்ஸ்டன். அவர் தம் காலத்து அரசியலாளருள் மிகுந்த இறைப்பற்று உடையவர். 1883 ஏப்ரலில் உறுதிமொழி மசோதாவின்மீது அவர் ஆற்றிய உரை புகழ்பெற்றது. ஏதோ ஒரு கடவுளை ஒப்புக்கொண்டால் போதும் என்னும் தேர்வு சமயத்தைக் காப்பதாகாது. சமயத்தின் பெயரால் அநீதி இழைக்கப்படுவதைக் காணும் மக்கள் சமயத்தையே வெறுக்கத் தொடங்குவர் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர்தம் கட்சியினர் சிலரே அதனை ஏற்கவில்லை. 289 பேர் ஆதரிக்க, 292 பேர் எதிர்த்தனர். மூன்றே வாக்குகளில் மசோதா வீழ்ந்தது.

1886 ஜனவரி 13ஆம் நாள் புதிய நாடாளுமன்றம் கூடியது. புதிய அவைத்தலைவர் பீல், உறுப்பினர் ஒருவர் ஆணையிடுவதைத் தடுக்கும் உரிமை தமக்கும் இல்லை, பிறர்க்கும் இல்லை என்று கூறி, எழுந்த ஆட்சேபங்களைக் கேட்கவே மறுத்தார். பிராட்லா ஆணையிட்டு அமர்ந்தார். ஆறாண்டுச் சிக்கல் சில நிமிடங்களில் தீர்ந்தது. உள்ளே வந்தவர் கதவைத் தமக்குப் பின்னால் திறந்து வைக்கவும் மறக்கவில்லை. அவர் முயற்சியால் 1888இல் ஆணைகள் சட்டம் நிறைவேறி, விரும்புவோர் எங்கும் உறுதிமொழி கூறலாம் என்னும் நிலை ஏற்பட்டது.

இந்தியாவின் உறுப்பினர்

அவைக்குள் சென்ற பிராட்லா இந்திய மக்களின் குறைகளை இடைவிடாமல் எழுப்பினார். அதனால் இந்தியாவின் உறுப்பினர் என்றே அழைக்கப்பட்டார். 1889இல் கடும் நோயுற்று எழுந்தபோது, கடற்பயணம் நலம் தரும் என மருத்துவர் அறிவுறுத்தினர். அவர் தேர்ந்தது பம்பாய். படைவீரராக வர எண்ணிய நாட்டுக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து நண்பராக வந்தார். அவ்வாண்டு டிசம்பரில் கூடிய காங்கிரசு மாநாட்டில் அவருக்குப் பெரும் வரவேற்பு அளிக்கப்பட்டது. அம்மாநாட்டுப் பேராளர் எண்ணிக்கையும் 1889 என்பது ஒரு சுவையான ஒற்றுமை. நாடு திரும்பியதும் இந்தியச் சட்டமன்றங்களைச் சீர்திருத்தும் மசோதா ஒன்றை அவையில் கொண்டுவந்தார்.

அவர் கருத்துகள் அவருக்கு முன்பே இந்தியா வந்துவிட்டன. 1880களில் சென்னை இலௌகிக சங்கத்தார், இலண்டன் சங்கத்தோடு தொடர்பு கொண்டு, தத்துவ விவேசினி என்னும் தமிழ் இதழை நடத்தினர். இலாகூரில் அவர் பெயரால் எழுந்த பிராட்லா மண்டபத்தில் பின்னாளில் தேசியக் கல்லூரி இயங்கியது. அங்குப் பயின்றவர்களுள் ஒருவர் பகத்சிங். நான் நாத்திகன் ஏன் என்று பகத்சிங் சிறையில் எழுதிய கட்டுரையைத் தமிழில் தந்தவர் ப. ஜீவானந்தம்.

1891 ஜனவரியில் பிராட்லா மீண்டும் படுக்கையில் வீழ்ந்தார். அவரைத் தடுத்து 1880இல் இயற்றிய தீர்மானத்தைக் குறிப்பேட்டிலிருந்து நீக்க வேண்டும் என்னும் கோரிக்கை ஜனவரி 27ஆம் நாள் அவையில் ஏற்கப்பட்டது. ஒருகாலத்தில் அவரை எதிர்த்தவர்களும் இசைந்தனர். அச்செய்தியை உணரும் நிலையில் அவர் இல்லை. ஜனவரி 30ஆம் நாள் காலமானார்.

நாத்திகர் சாகும்வேளையில் மனம் மாறினார் என்று கதை பரவுவது வழக்கம். கடிகாரக் கதையோடு வளர்ந்த மகள் ஹைபேசியா இதனை எதிர்பார்த்திருந்தார். இறுதி நாள்களில் தந்தையைப் பேணியவர்களிடம், சமயம் குறித்து அவர் ஏதும் பேசவில்லை என்று எழுத்து வடிவில் ஒப்பம் பெற்று வைத்தார். அவர் அஞ்சியபடியே கதை பரவியது. ஒப்பமிட்ட தாள்கள் அதற்கு மறுமொழியாயின.

இலண்டனுக்கு வெளியே புரூக்வுட் இடுகாட்டில், சடங்கும் சொற்பொழிவும் இன்றி அவர் அடக்கம் செய்யப்பட்டார். ஆயிரக்கணக்கில் திரண்ட மக்களிடையே இந்தியர் பலர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் சட்டம் பயின்றுவந்த இருபத்தொரு வயது இளைஞர், மோகன்தாஸ் காந்தி. இறுதி மரியாதை செலுத்தக் குருமார் சிலரும் வந்திருந்ததை அவர் கண்டார். திரும்பும் வழியில் தொடர்வண்டிக்காகக் காத்திருந்தபோது, கூட்டத்திலிருந்த நாத்திகர் ஒருவர் குரு ஒருவரை வம்புக்கு இழுத்தார். பூமியின் சுற்றளவு இவ்வளவு என்று அறிவீரே, உம் கடவுளின் அளவு என்ன, அவர் இருக்கும் இடம் எது என்று கேட்டார். அறிந்துகொண்டால் அவர் நம் இருவர் உள்ளத்திலும் இருக்கிறார் என்று குரு பணிவோடு விடையளித்தார். தம்மைக் குழந்தையென்று எண்ண வேண்டாம் எனச் சொல்லி, வென்றுவிட்ட பெருமிதத்தோடு அந்நாத்திகர் சுற்றிலும் நோக்கினார். குரு அமைதியாக இருந்துவிட்டார்.

அவ்வுரையாடல் நாத்திகத்தின்மீது தமக்கிருந்த வெறுப்பை மேலும் வளர்த்ததெனக் காந்தியடிகள் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். இலண்டனில் அன்று வாழ்ந்த இந்தியர் ஒருவர் விடாமல் பிராட்லாவின் அடக்கத்துக்குச் சென்றிருப்பர் என்றே தாம் நம்புவதாகவும் அதே பக்கத்தில் குறித்துள்ளார்.